எதிர்முறுக்கு

இன்றைக்கு ஊசியைத் தொடக்கூடாது, தொட்டுவிட்டேன், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை, மின்விசிறிகூட அதே கடகட சத்தத்தோடுதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. சாமி அறையில் என் தையல் பெட்டியும் கத்தரிக்கோலும் இஞ்ச் டேப்பும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு சரஸ்வதி படத்துக்கு முன்னால் சமர்த்தாக உட்கார்ந்திருக்கின்றன, பக்கத்தில் இவருடைய ஆபீஸ் பேனா, சாம்பவிக்கு வாங்கிய புதுச் சிலேட்டு, வாசலில் டயரில் எலுமிச்சம்பழம் நசுக்கி மாலை போட்ட பைக். எல்லா ஆயுதத்துக்கும் இன்று ஓய்வு, நாளைக் காலையில்தான் எடுக்கவேண்டும். என் கையாலேயே எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்தேன், ஒரே ஒரு ஊசியை மட்டும் ஜாக்கெட்டின் உள்பக்கம் குத்தி நிறுத்திக்கொண்டேன், மறதியில் அல்ல, தெரிந்தேதான். வடை பாயசம் உண்ட மயக்கத்தில் இவர் கட்டிலில் குப்புறக் கிடக்கிறார், அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு என் மகள் சாம்பவி, மூன்றரை வயது, இடது கை விரலை வாயில் வைத்தபடி. நாளைக்கு விஜயதசமி. தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, சிவகாமி மைனி அவளை மடியில் இருத்தி, வலது கை விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைக்கப்போகிறாள். மைனி என்றால் இவருடைய அக்கா, பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, இரண்டு தெரு தள்ளி வீடு, என் மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு அந்த நாற்காலியும் இவளுக்குத்தான். நேரில் வாங்க போங்க என்று பேசுவேன், மனசுக்குள் நான் யாருக்கும் ‘ங்க’ போடுவதில்லை. சாம்பவி இடது கைக்காரி, என்னைப்போல. அவள் இடது கையால்தான் எழுதவேண்டும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்ன நினைக்கிறேன், முடிவே செய்துவிட்டேன், இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். சாயந்திரக் காப்பிக்கு மைனி வருவாள், நாளைய ஏற்பாடு பேச, அப்படியே மடியில் இருக்கும் இந்த ரவிக்கைத் துணியையும் பார்க்க. அதற்குள் சொல்வதற்கு வாயைத் தயார் செய்யவேண்டும், வாயைவிட கை எனக்குச் சீக்கிரம் தயாராகும், ஆகவே தைக்கிறேன்.

அரக்குப் பட்டு. மைனி மகள் சுகந்திக்கு ஐப்பசியில் கல்யாணம், அவளுடைய முகூர்த்த ரவிக்கை. இன்னும் வெட்டாத துணி, ரவிக்கையின் இரண்டு கைகளையும் சாக்கட்டியால் வரைந்திருக்கிறேன், தைத்து முடித்த பிறகுதான் டெய்லரிடம் போகும். இப்போது எல்லாரும் ஆரி வேலை, கொக்கி ஊசியால் மணியும் கல்லும் அள்ளிக் கொட்டி, கையைத் தூக்கினால் ஜல்ஜல் என்று. சுகந்திதான் எனக்கு அதெல்லாம் வேண்டாம், மாமி கையாலே கொடி போட்டுத் தாங்க என்று என் பழைய மாதிரித் துணியைப் புரட்டி ஒரு இடத்தில் விரலை வைத்தாள். முறுக்குச் சங்கிலி. அந்தப் பெண் தெரிந்து வைத்தாளோ தெரியாமல் வைத்தாளோ. சாதாரணச் சங்கிலித் தையலில் ஒரு ஆபத்தும் கிடையாது, கண்ணிக்குள் கண்ணி, கண்ணிக்குள் கண்ணி, இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும், வலது கை போட்டதா இடது கை போட்டதா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. அதே சங்கிலியில் ஊசியை ஒரு நெல்மணி அளவு பக்கத்தில் தள்ளிக் குத்திப் பாருங்கள், கண்ணியின் ஒரு கால் மறுகாலின் மேல் ஏறிவிடும், கோடு முழுக்க முறுக்கு விழும், கயிறு திரித்த மாதிரி. வலது கைக்காரி இடப்பக்கம் தள்ளிக் குத்துவாள், நான் வலப்பக்கம். அவள் முறுக்கு ஒரு திசை, என் முறுக்கு எதிர்த் திசை. தெரிந்த கண்ணுக்கு ஒரு பார்வை போதும். மைனிக்குத் தெரியும், மைனி பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பும் எடுத்தவள். துணியைக் கொடுத்த அன்றைக்கே சொல்லிவிட்டாள், “வடிவு, ஒன்னய மாதிரி நல்லா தைக்க ஆளு கெடையாதுட்டி, நான் இல்லேங்கலே. ஆனா தாலி ஏறுத நேரத்துல அந்தப் புள்ள மேல கெடக்கிற துணி. பீச்சாங்கையிலே தொடாதே. சோத்துக்கையாலயே போட்டுரு.” நானும் சரி மைனி என்றேன். சரி என்று சொன்ன வாயைத்தான் இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு திட்டிக்கொண்டிருக்கிறேன். வலது கைக்குரிய பகுதியை வலது கையாலேயே தைத்து முடித்தேன், மைனி அடிக்கடி வந்து எதிரே உட்கார்ந்துகொண்டு பார்த்தாள், ஒரு கண்ணி கோணவில்லை, ஒன்றுக்கொன்று அளவு பிசகவில்லை. அழகாகத்தான் இருக்கிறது. சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளைகளின் அழகு. இன்றைக்கு இடது கைக்குரிய பகுதியைத் தொடங்கியிருக்கிறேன், இடது கையால்.

பட்டுக்குள் ஊசி போகும்போது லேசாக ஒரு சத்தம் வரும், காதுக்கு வராது, விரலுக்கு வரும். வலது கையால் தைத்தபோது அது கேட்கவே இல்லை, அந்தக் கைக்குக் காது கிடையாது. பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பில் டீச்சர் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஊசி பிடித்துக் காட்டுவாள், என்னிடம் வந்ததும் கையிலே ஒரு தட்டு, மாத்திப் பிடி. மாற்றிப் பிடித்தால் ஊசி கீழே விழும். பிறகு அவள் என்னைத் தாண்டிப் போய்விடப் பழகிக்கொண்டாள். எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்தது யாரும் இல்லை, எதிர்ப்பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா. அவளும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவள் பாட்டுக்குத் தைத்தாள், நான் அவளைப் பார்த்தேன், கண்ணாடியைப் பார்த்துத் தலை வாருவதுபோல. அவள் வலது கை எனக்கு இடது கை. பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு எல்லாம் கோணல், எதிரே உட்கார்ந்தால் எல்லாம் நேர். இதை நான் யாரிடம் சொல்லியிருப்பேன். அந்த வருஷம் ஜெசிந்தா தலையணை உறையில் ரோஜாப்பூ போட்டாள், நானும் போட்டேன், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது அவள் ரோஜா என் ரோஜாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது, அவள் சிரித்தாள், டீச்சர் சிரிக்கவில்லை. என் அப்பா நல்லவர்தான், எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவார், அவர்தான் என்னைப் படிக்க உட்காரவைத்து இடது கையைக் கைக்குட்டையால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார். வலிக்காமல் கட்டினார். வலித்திருந்தால் தேவலாம், அவரைக் கோபித்திருப்பேன். வலிக்காததால் கையைத்தான் கோபித்தேன். கட்டு அவிழ்த்த பிறகும் அந்தக் கை சும்மா மடியில் கிடக்கும், கூப்பிட்டால்தான் வரும், தப்புச் செய்துவிட்டு வந்து நிற்கிற மாதிரி வரும். எழுத்து வலது கைக்குப் போய்விட்டது, இன்றைக்கும் என் கையெழுத்தைப் பார்த்தால் யாரோ எழுதியது போல இருக்கும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அம்மா சமையலறையில் என்னைப் பிடித்து நிறுத்தி, “காப்பித் தட்ட ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ, முறுக்கு மட்டும் சோத்துக்கையால எடுத்துக் கொடு” என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினாள். கூடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்து என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சிவகாமி மைனி. கல்யாணம் ஆகி, பரிமாறும்போது ஒருநாள் மறந்து இடது கையால் கரண்டி எடுத்துவிட்டேன், இவர் பார்த்தார், சிரித்தார், அக்காகிட்ட காட்டிக்கிடாதே என்றார். அதுதான் இவருடைய வீரம் முழுவதும்.

நூல் தீர்ந்துவிட்டது. கத்தரி சாமி அறையில் பொட்டு வைத்துக்கொண்டு இருப்பதால் பல்லால் கடிக்கிறேன், பட்டு நூல் பல்லில் வழுக்குகிறது. கொடியின் முனையில் ஒரு தளிர் வரவேண்டும், தளிருக்கு முறுக்கு வேண்டாம், வேறு ஏதாவது போட்டுப் பார்க்கலாம் என்று கந்தல் துணியை எடுத்து வட்டச் சட்டத்தில் மாட்டுகிறேன். தனிக் கண்ணி போடலாம், ஒரு கண்ணியைப் போட்டு அதன் நுனியை ஒரு சிறு தையலால் அடித்து நிறுத்திவிடுவது, பூவிதழுக்குப் போடுவார்கள், ஆனால் அது ஒவ்வொன்றும் ஒன்றையொன்று தெரியாத மாதிரி தனித்தனியாக நிற்கும். கண்ணியின் வாயை அகல விரித்தால் ஏணி மாதிரி வரும், ஏணிக்குள்ளே வேறு நிற நூலை ஓட்டலாம், நன்றாக இருக்கும், மணப்பெண்ணின் கைக்குக் கொஞ்சம் முரடு. இரண்டு கண்ணிக்கு நடுவில் ஒரு சின்ன நூல்பாலம் விட்டால் உண்மையான இரும்புச் சங்கிலி போலவே விழும், கிணற்று வாளிச் சங்கிலி, அது கல்யாணத்துக்கு அபசகுனம் என்று யாராவது தொடங்குவார்கள். ஒரே தையல்தான், ஊசியைக் கொஞ்சம் தள்ளினால் ஒன்று, விரித்தால் ஒன்று, விட்டுப் பிடித்தால் ஒன்று, இத்தனை ரூபம் எடுத்துக்கொண்டு கண்முன்னால் விளையாடுகிறது, ஒரு பிள்ளை மட்டும் ஒரே மாதிரி இருந்தாகவேண்டும். இன்னொன்று இருக்கிறது, ஒரே ஊசிக் காதில் இரண்டு நிற நூல், பச்சையும் மஞ்சளும். பச்சையை மட்டும் ஊசிக்கடியில் சுற்றி இழுத்தால் கண்ணி பச்சையாக விழும், மஞ்சள் துணிக்கு அடியில் போய்விடும், இருந்த தடமே தெரியாது. அடுத்த கண்ணிக்கு மஞ்சளைச் சுற்றினால் மஞ்சள் வரும், பச்சை மறையும். இதைப் பார்க்கிறவர்கள் வாய் பிளப்பார்கள். நான் இப்போது பச்சையை மட்டுமே சுற்றிக்கொண்டு போகிறேன், ஒரு கண்ணி, இரண்டு கண்ணி, பத்துக் கண்ணி, மேலே பச்சைச் சங்கிலி ஓடுகிறது, துணியைத் திருப்பினால் மஞ்சள் கூடவே ஓடிவந்திருக்கிறது, எங்கும் போகவில்லை, ஒவ்வொரு ஓட்டைக்கும் வந்து வந்து திரும்பியிருக்கிறது. சாம்பவியின் வாயிலிருக்கும் விரலைத் திரும்பிப் பார்க்கிறேன். சட்டத்தைத் தூரத் தள்ளி வைக்கிறேன். அந்தத் தையல் இந்த ரவிக்கையில் வராது. தளிருக்கும் முறுக்குத்தான்.

கட்டிலில் சாம்பவி புரளுகிறாள். எழுந்துவிடாதே கண்ணு, இன்னும் கொஞ்ச நேரம். போன வாரம் மைனி வேப்பெண்ணெய்க் குப்பியோடு வந்தாள். “ஒரு வாரம் தடவுனா போதும், கை தானா மாறிப்போவும், எத்தன புள்ளைகளப் பாத்திருக்கேன்” என்று பிள்ளையை எதிரே உட்காரவைத்து விரல் விரலாகத் தடவினாள். தடவியது எந்தக் கையில் தெரியுமா. எதிரே உட்கார்ந்தால் கை மாறும் என்பது, ஆயுசு முழுக்கப் பிள்ளைகளுக்கு எதிரே நின்றே சம்பளம் வாங்கியவளுக்குத் தெரியவில்லை, தன் இடது கைக்கு நேராக இருந்த கையைப் பிடித்துத் தடவிவிட்டாள், அது சாம்பவிக்கு வலது கை. அன்று ராத்திரி சாம்பவி இட்லியை வலது கையால் தொட்டு நாக்கில் வைத்தாள், தூ என்றாள், அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. கொஞ்ச நஞ்சம் வலது கையால் செய்துகொண்டிருந்ததையும் இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். நான் அடுக்களையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன், இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் நான் சிரித்த சிரிப்பில் அதுதான் நம்பர் ஒன்று. மைனி கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்து, நான் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்து, சரியான கையில் தடவி, அந்தக் கையைப் பாவாடை நாடாவால் இடுப்போடு சுற்றியும் விட்டிருந்தாள். நான் திரும்பி வந்தபோது பிள்ளை ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தாள், அழவில்லை. அழாததுதான். “அம்மா, இந்தக் கை கெட்ட கையா?” என்று கேட்டாள், அவ்வளவு மெதுவாக, கைக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல. நான் நாடாவை அவிழ்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, மோந்து பார்த்து, மறுபடியும் கழுவி, ஆனால் ஒரு வார்த்தை, மைனியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. இவரிடம் சொன்னேன். “நாளும் கெழமையுமா எதுக்கு மல்லுக்கட்டுதே? விஜயதசமி அன்னைக்கி ஒரு நிமிசம். அக்கா பிடிச்சு எழுதிட்டுப் போயிருவா. அதுக்குப் பெறவு அவ எந்தக் கையால எழுதுனா யாரு பாக்கப் போறா?” ஒரு நிமிசம். கைக்குட்டைக் கட்டும் ஒரு நிமிஷத்தில்தான் கட்டினார்கள்.

ஏன் ஆகாது, என்ன ஆகாது. பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நல்லது என்பார்கள், ஜோசியக்காரன் பெண் என்றால் இடது கையைத்தான் நீட்டச் சொல்லுவான், தாலி கட்டினதும் பெண்டாட்டியை இடது பக்கம் மாற்றி உட்காரவைப்பார்கள், அங்கேயெல்லாம் இடது இனிக்கும். இவர்கள் வீட்டுச் சாமி அறையில் நடராசர், தூக்கிய கால் எந்தக் கால், மைனி தினமும் கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற கால் எந்தக் கால். சிவனில் பாதியை அம்மன் வாங்கிக்கொண்டாளே, எந்தப் பாதி. அந்தப் பாதியில் இருக்கிற கைக்கு என்ன பெயர், பீச்சாங்கையா. கேட்பேன். கேட்டால் மைனி, சாமிக்கும் நமக்கும் ஒண்ணா என்பாள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் என்ன, எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்துக்கொண்டுதான் ஒரு கையை ஆட்டவேண்டுமா. இருந்தாலும் பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று யாரிடம் பொய் சொல்ல. பந்தியில் பக்கத்து இலைக்காரி முழங்கை இடிக்குது என்று முகம் சுளிப்பாள். கடையில் காசை நீட்டினால் செட்டியார் அந்தக் கையில வேண்டாம்மா என்பார். பரீட்சை எழுதுகிற நாற்காலியில் பலகை வலது பக்கம்தான் இருக்கும். அவள் பெரியவளாகி, ஒருநாள் என்னைப் பார்த்து, எல்லாரும் சொன்னாங்களே, நீ ஏன்மா அப்பவே மாத்தலே என்று கேட்டால்? என் வீம்புக்கு என் பிள்ளையைக் கருவியாக்குகிறேனா, எனக்குக் கட்டிய கட்டை அவள் கையில் அவிழ்க்கப் பார்க்கிறேனா? இந்த இடத்தில் வந்து வந்து சிக்குகிறேன், மதியத்திலிருந்து இதே இடம். நூல் முடிச்சு விழுந்தால் இழுக்கக் கூடாது, இழுத்தால் இறுகும், ஊசி முனையை விட்டு மெதுவாக நெம்பவேண்டும். நெம்பிப் பார்க்கிறேன். சரி, வீம்புதான். வைத்துக்கொள்வோம். என் வீம்பை எடுத்துக் கழித்துவிட்டாலும், மூலையில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான் இல்லையே, அவள்தானே. முடிச்சு அவிழ்ந்தது என்று சொல்லமாட்டேன். நூல் ஓடுகிறது.

கொடி வளைந்து தோளுக்கு ஏறுகிறது. இடது கை சூடு பிடித்துவிட்டது, அதற்கு இனி நான் வேண்டாம், அது பாட்டுக்குப் போகிறது, குத்தி, சுற்றி, கட்டை விரலால் நூலை அமுக்கி, இழுத்து. கண்ணிகள் ஒன்றுபோல இல்லை, வளைவில் கொஞ்சம் நெருங்கி, நிமிர்கிற இடத்தில் கொஞ்சம் நீண்டு, மூச்சு விடுகிற மாதிரி. நிமிர்ந்து கழுத்தைச் சொடுக்கிவிட்டு, துணியை முழங்காலில் விரித்து, முடித்த கையையும் இந்தக் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன், வைத்ததும் எனக்கே உடம்பு சிலிர்க்கிறது. வலது கை தைத்த முறுக்கு ஒரு பக்கம் சாய்கிறது. இடது கை தைத்த முறுக்கு அதற்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது. இரண்டு கொடியும் நடுவில் இருக்கிற உடம்பைப் பார்த்து, சுகந்தியின் நெஞ்சைப் பார்த்துத் திரும்பி நிற்கின்றன. இரண்டையும் ஒரே கையால் போட்டிருந்தால் ஒன்று அவளைப் பார்க்கும், மற்றது அவளுக்கு முதுகைக் காட்டும். உலகத்தில் இருக்கிற முறுக்குச் சங்கிலி ரவிக்கையெல்லாம் அப்படித்தான் இருக்கும், ஒரு கை முகம், ஒரு கை முதுகு, யாருக்கும் உறுத்தியதும் இல்லை. இதை ஒரு வலது கைக்காரி போட முடியாது, முழுக்க இடது கைக்காரியும் போட முடியாது, கட்டிவைத்து வலது கைக்கும் பழக்கப்பட்டவள்தான் போட முடியும். அப்பா கட்டிய கட்டுக்கு நான் நன்றி சொல்லப்போவதில்லை, அந்த அளவுக்கு நான் நல்லவள் இல்லை. ஆனாலும் அழகாக இருக்கிறது. இவ்வளவு அழகை நான் போட்டதில்லை. மைனி பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பாள். பிரித்துவிட்டு மறுபடி வலது கையால் போட இன்னும் நாள் இருக்கிறது, ராத்திரி உட்கார்ந்தால் முடியும். பிரிக்கமாட்டேன்.

வாசல் கேட்டின் கொண்டி திறக்கிறது. மைனியின் செருப்புச் சத்தம், அவள் எங்கே வந்தாலும் மணி அடித்த பிறகு வகுப்புக்குள் நுழைகிறவள் போலத்தான் வருவாள். ஊசியை மறைக்க ஜாக்கெட் பக்கம் போன கையை நானே பார்க்கிறேன், பார்த்து நிறுத்துகிறேன். இருக்கட்டும். தைத்துக்கொண்டே, “வாங்க மைனி” என்கிறேன். கையில் சுண்டல் தூக்குவாளி, நெற்றியில் பெரிய குங்குமம், நிலைப்படியில் நின்றுவிட்டாள். “என்னட்டி இது? சரஸ்வதி பூசையும் அதுவுமா ஊசியும் கையுமா இருக்கே? அதுவும்...” அவள் கண் என் விரலுக்கு வந்தது, விரலிலிருந்து துணிக்கு, துணியில் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் இரண்டு தடவை போய் வந்தது. டீச்சர் கண், ஏமாற்ற முடியாது. “எம் மவ முகூர்த்தத் துணியில, நான் அவ்வளவு சொல்லியும்” என்றாள், குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பேச்சுக் கேட்டு இவர் லுங்கியை இறுக்கிக்கொண்டு எழுந்து வந்து, “என்னக்கா” என்று பொதுவாகக் கேட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார். பல்லிடுக்கில் இன்னும் பட்டு நூலின் பிசிறு. சொல்லிவிடு, இப்போது சொல்லு, சாமி, நடராசர், பாதி உடம்பு என்று மதியமெல்லாம் அடுக்கி வைத்தது ஒன்றும் வாய்க்கு வரவில்லை, நாளைக்கு என்ற ஒரு சொல்லைக்கூட எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அப்போதுதான் சாம்பவி கண்ணைக் கசக்கிக்கொண்டு அறையிலிருந்து வந்தாள்.

வந்தவள் அத்தையைப் பார்த்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. யாரும் அவள் கையைப் பார்க்கவும் இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த இடது கையை அவளாகவே இறக்கினாள், முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள், வைத்துக்கொண்டாள். மைனி முகம் மலர்ந்துவிட்டது, “பாத்தியா தம்பி, எம் மருமவ எம்புட்டு கெட்டிக்காரி, தானா படிச்சுக்கிட்டா” என்று தூக்கைத் திறந்து கொஞ்சம் சுண்டலை அள்ளி, “வாங்கிக்கோ ராசாத்தி” என்று நீட்டினாள். சாம்பவி வலது கையை நீட்டினாள். அந்தக் கைக்குக் குழிக்கத் தெரியவில்லை. கொண்டைக்கடலை விரலிடுக்கு வழியாக உருண்டு தரையெல்லாம் ஓடியது, அவள் குனிந்து பொறுக்கவில்லை, பொறுக்க வேண்டிய கை பின்னால் இருந்தது. என் பிள்ளை நின்ற நிலையைப் பார்த்தேன். எனக்குள் என்னவோ பற்றிக்கொண்டு எரிந்தது. பயம் என்று ஒன்று இருந்ததே, அதைத் தேடிப் பார்க்கக்கூட எனக்கு நேரம் இல்லை. துணியை வைத்துவிட்டு எழுந்துபோய், அவள் முன்னால் மண்டியிட்டு, முதுகுக்குப் பின்னால் இருந்த கையைப் பிடித்தேன். வர மறுத்தது. மூன்றரை வயதுக் கைக்கு அவ்வளவு பலம். இழுக்கவில்லை, காத்திருந்தேன், மெதுவாக வந்தது. வெளியே எடுத்து, விரித்து, உள்ளங்கையில் ஒரு முத்தம் கொடுத்து, மைனியின் தூக்கிலிருந்து நானே, என் இடது கையால், சுண்டலை அள்ளி அதில் வைத்தேன். “ஏட்டி வடிவு” என்றாள் மைனி.

“மைனி, நாளைக்கு இந்தக் கைதான் எழுதும்.” என் குரல்தானா. “பிடிச்சு எழுத வைக்க ஆளு வேண்டாம். அவளே எழுதிக்கிடுவா. வளைஞ்சா வளைஞ்சுட்டுப் போவுது, அவ எழுத்துதானே. நீங்க வந்து பக்கத்துல இருந்து ஆசீர்வாதம் பண்ணுனா எனக்குச் சந்தோசம். கையப் பிடிப்பேன்னா வராதீங்க.” இவர் சுவரிலிருந்து ஒரு அடி எடுத்து வைத்து, “ஏ வடிவு, அக்காகிட்ட போயி” என்றார். “நீங்க சும்மா இருங்க” என்றேன், திரும்பிப் பார்க்காமல். இருந்தார். மைனி தூக்கை மூடினாள், மூடி சரியாக உட்காரவில்லை, மறுபடி திறந்து மூடினாள். “அப்ப, அந்த ரவிக்க?” என்றாள். “ரெண்டு கையாலயும் தச்சிருக்கேன், விரிச்சுப் பாருங்க. சுகந்திகிட்ட காட்டுங்க. வேணும்னா எடுத்துக்கிடுங்க, வேண்டாம்னா பட்டுக்கு உள்ளதை எண்ணி வச்சிட்டு நானே போட்டுக்கிடுதேன். பிரிக்க மட்டும் மாட்டேன்.” மைனி துணியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்ற அவளை நான் முதல்முதலாகப் பார்க்கிறேன், வயதாகிவிட்டது அவளுக்கும். இரக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது, பிறகு வா என்று அனுப்பிவிட்டேன். சாம்பவி சுண்டலை வாய் நிறைய அடைத்துக்கொண்டு மென்றாள், மென்றுகொண்டே எங்கள் மூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விழுங்கினாள். இன்னும் வேண்டும் என்று கையை நீட்டினாள், இடது கையை, என்னிடம் அல்ல, தூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அவள் அத்தையிடம்.